பழைய பக்கத்தில் கிடைத்த படம்

நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமைதான் அத்தை மகன் கிளம்பினான். எல்லைக்கு அப்பால் மருந்து ஏற்றிப் போகும் லாரியில் ஓட்டுநர் வேலை.

"நீ உள்ள வா, நான் வெளிய போறேன். வீட்டுக்கு ஒரு ஊர்சுத்தி வேணுமில்ல?" என்று என் பையை வாங்கி உள்ளே வைத்தான்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் போர் மூண்டது. அவன் போன் அடங்கிப்போனது.

அக்காவுக்குச் செய்தி நிறுவனத்தில் வேலை. இணையத்தில் பரவும் போர்ப் படங்கள் எங்கே, எப்போது எடுத்தவை என்று சரிபார்க்க வேண்டும். கடைப் பலகை, நிழல் விழும் பக்கம், பின்னால் தெரியும் கட்டடம் என்று துருவுவாள். உடல் கிடக்கும் இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வாள். அவள் திரை எப்போதும் கைரேகை படிந்தே இருக்கும்.

ஒரு நாள் அத்தை போனை நீட்டினாள். எரிந்த லாரிக்கு அருகே ஒருவன் குப்புறக் கிடந்தான். அத்தை மகன் போட்டுக்கொண்டு போனது போலவே கட்டம் போட்ட சட்டை.

"இது அவன் இல்லேன்னு சொல்லுடி. உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே."

அக்கா தேடினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்திப் பக்கம் ஒன்றில் அதே படம் இருந்தது.

"பழைய படம் அத்தை. வேற யாரோ."

"யாரு பெத்த புள்ளையோ," என்று அழுத அத்தை, அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுவாரம் வேறொரு படத்தைத் தேடும்போது அக்காவுக்கு உறைத்தது. அந்தப் பழைய பக்கத்தின் ஓரத்தில் புதிய செய்திகளின் படங்கள் தினமும் மாறிக்கொண்டிருந்தன. லாரிப் படமும் அந்த ஓரத்தில் வந்ததுதான். தேடுபொறி பக்கத்தின் தேதியையே படத்தின் தேதியாகக் காட்டியிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களை அவளே முதல் நாளில் எச்சரிக்கும் தவறு.

"அத்தை, நான் அவசரப்பட்டுட்டேன். அது பழசுன்னு சொல்ல முடியாது."

"போடி. ஊருக்கெல்லாம் சரியா சொல்றவ, எனக்கு மட்டும் தப்பா சொல்லுவியா?" அத்தை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்கா படம் எடுத்தவரைத் தேடிப் பிடித்து, அத்தை மகன் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாள். பதில் இல்லை. அத்தையோ அவன் மெத்தையை வெயிலில் காயப்போட்டு எடுத்து வைத்தாள். "வந்ததும் ஒரு கால்கட்டு போட்டுறணும். உன் ஆபீஸ்ல நல்ல பொண்ணு இருந்தா பாரு," என்றாள்.

ஒன்றரை வருடம் கழித்து, அக்காவின் போனுக்குப் பதில் வந்தது.

"தாமதத்துக்கு மன்னியுங்கள், அகதி முகாமில் இருந்தேன். படம் நான் எடுத்ததுதான், போர் தொடங்கிய வாரத்தில். சட்டைப்பையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது. நீங்கள் எழுதிய அதே பெயர். யாரும் வராததால் சாலையோரம் புதைத்தோம். இப்போது சாலையை அகலப்படுத்திவிட்டார்கள்."