அருந்ததி கேட்ட ஒற்றுமை

எங்கள் அரசியலில் ஒற்றுமையைத் தோற்றவரிடம்தான் கேட்பார்கள். வென்றவர் மாலையோடு நிற்பார். தோற்றவர் விழுங்கவேண்டியதையெல்லாம் விழுங்கிவிட்டு, பக்கத்தில் வந்து படத்துக்குச் சிரிக்கவேண்டும். கொட்டாஞ்சேனை அருந்ததி சிரிக்க மறுத்தார். அதனால் இன்று அவரைத் திமிர்பிடித்தவர் என்கிறார்கள்.

வடக்கே கரவெட்டியில் பிறந்து, கல்யாணத்தோடு கொழும்புக்கு வந்தவர். புறக்கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். யுத்த காலத்தில் பொலிஸார் விடுதிகளைச் சுற்றிவளைத்துத் தமிழ்ப் பொடியன்களை ஏற்றிப்போன நாட்களில், பொலிஸ் நிலைய வாசலில் நின்று சிங்களத்தில் வாதாடியது இவர்தான். அவருடைய கட்சிப் பெரியவர்கள் அப்போது வெள்ளவத்தை மாடிகளில் கதவைப் பூட்டிக்கொண்டு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். கணவர் மாரடைப்பில் போய் எட்டு வருடமாகிறது. அதற்குப் பிறகும் கொட்டாஞ்சேனை அடுக்கு மாடிவீட்டுக்காரருக்குத் தண்ணீர் வராவிட்டாலும் குப்பை வண்டி வராவிட்டாலும் அவர்கள் தட்டுவது அருந்ததியின் கதவைத்தான்.

மாநகரசபைத் தேர்தலில் கொட்டாஞ்சேனை வட்டாரத்துக்கு யாரை நிறுத்துவது என்று கட்சியின் கொழும்புக் கிளை உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ஒருபக்கம் அருந்ததி. மறுபக்கம் வெள்ளவத்தை நகைக்கடைக்காரரின் மகன் கார்த்திகன். இரண்டு கிழமை கடும் போட்டி. அருந்ததிதான் முன்னுக்கு நின்றார். கடைசி நேரத்தில் கார்த்திகனின் மச்சான் ஹரிசன் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவை விட்டான்.

“வேட்பாளர் எண்டா நாளைக்குக் கோயில்ல, கலியாண வீட்டில முன்னுக்கு நிக்கிற ஆள். தாலி இழந்த மனிசியை முன்னுக்கு விட்டா வட்டாரம் விளங்குமோ? யோசியுங்கோ.”

யோசித்தார்கள்! பட்டம் பெற்றவர்களும் கணக்காளர்களும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு மனிதனின் இதயம் நின்றதற்கும் வட்டாரத்தின் வடிகாலுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. அருந்ததி சொற்ப வாக்குகளால் தோற்றார்.

அடுத்த கிழமையே கிளைத் தலைவர் சண்முகலிங்கம் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர்.

“நடந்ததை மறந்திடும் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஒற்றுமைக் கூட்டம். நீர் மேடையில இருக்கவேணும். உம்மட ஆக்கள் வேலை செய்யாட்டி எங்களுக்கு இந்த வட்டாரம் இல்லை.”

“என்னைப் பற்றிச் சொன்னது பிழை எண்டு ஆராவது மேடையில சொல்லுவினமோ, ஐயா?”

“அதைக் கிளறினா நாத்தம்தானே.”

“நாத்தம் அங்கதான் இருக்குது. மூடி வைச்சாப் போகுமோ?”

ஆனாலும் அருந்ததி கூட்டத்துக்குப் போனார். உட்கட்சிப் போட்டி முடிந்தால், வென்றவரும் தோற்றவரும் ஒரே மெழுகுதிரியால் குத்துவிளக்கை ஏற்றுவது அந்தக் கிளையின் வழக்கம். அதற்குப் பிறகுதான் பேச்சு, படம், கைதட்டல். அன்று மண்டபத்தில் மாலை இருந்தது, பதாகை இருந்தது, விளக்கு மட்டும் இல்லை.

“விளக்கு எங்க ஐயா?”

சண்முகலிங்கம் தொண்டையைச் செருமினார். “இந்த முறை வேண்டாமெண்டு விட்டிட்டம். நீர்தானே எப்பவும் பகுத்தறிவு கதைக்கிறனீர். உமக்குச் சந்தோசமாயிருக்கும் எண்டு...”

அருந்ததியோடு வந்த ஓட்டோக்காரர் பிறெடி மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார். “இங்க இருக்கு அக்கா! எண்ணெ ஊத்தி, திரி போட்டு, மேசத் துணியால மூடி வச்சிருக்காங்க. பொணத்த மூடின மாதிரி.”

என்ன கோழைத்தனம் பாருங்கள். கைம்பெண் மங்கள விளக்கைத் தொடக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தொடலாம் என்று சொல்லவும் துணிவில்லை. ஆகவே விளக்கையே ஒளித்துவைத்து, அதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைத்தார்கள். எண்ணெயும் திரியும் இருந்தால் யார் கொளுத்தினாலும் நெருப்பு எரியும். அதைப் படிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

“வெளியில கொண்டுவாங்கோ பிறெடி,” என்றார் அருந்ததி.

பிறெடி தூக்கிக்கொண்டுவந்து மேடை நடுவில் வைத்தார். சபை அசைந்தது. கார்த்திகன் கிட்ட வந்து மெல்லச் சொன்னார்.

“அக்கா, தேர்தல் நேரத்தில ஏன் வீண் கதை? நான் இதெல்லாம் நம்பிற ஆள் இல்லை. ஆனா சனம் நம்புது.”

“உம்மட மச்சான்ரை பதிவைச் சனத்துக்கு அனுப்பினது ஆர்?”

“எனக்கு வந்தது. நான் சும்மா... போர்வர்ட் பண்ணினனான்.”

சனம் நம்புகிறதாம்! இந்த நாட்டில் எத்தனை அநியாயம் இந்த ஒரு வசனத்தின் முதுகில் சவாரி செய்கிறது! சொல்லுகிறவன் நம்பமாட்டான். நம்புகிறவர்களை வைத்து வெல்லுவான்.

அருந்ததி ஒலிவாங்கியை எடுத்தார்.

“இந்த விளக்கை ஏத்தினாலும் ஏத்தாட்டிலும் எனக்கு ஒண்டுதான். இது கிடக்கட்டும். நான் கட்சியை விட்டுப் போகமாட்டன். இது நானும் வளர்த்த கட்சி. நாளைக்கே மாடிவீடுகளுக்கு வாக்குக் கேட்டுப் போறன். ஆனா கார்த்திகன் தம்பி எனக்குப் பக்கத்தில வரவேணும். ஒவ்வொரு வாசல்லயும் என்னைப் பற்றி என்ன அனுப்பினவை எண்டு நான் சொல்லுவன். அது பிழை எண்டு அவர் தன்ரை வாயால சொல்லவேணும். சொன்னா ஒற்றுமை. இல்லாட்டி நீங்கள் தனியப் போங்கோ.”

“இது மிரட்டல்!” என்று பின்னாலிருந்து ஹரிசன் கத்தினான்.

“நீர் அனுப்பினது வாழ்த்துமடலோ?” என்றார் அருந்ததி. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது.

கார்த்திகன் சண்முகலிங்கத்தைப் பார்த்தார். சண்முகலிங்கம் கூரையைப் பார்த்தார். மாடிவீட்டு வாக்கு இல்லாமல் வெல்லமுடியாது என்பது இருவருக்கும் தெரியும். “சரி,” என்றார் கார்த்திகன். அது மனம் மாறிச் சொன்ன சொல் அல்ல, வாக்குக்காகச் சொன்னது. அருந்ததிக்கும் அது தெரிந்தேயிருந்தது.

மறுநாள் முதல் கதவு ருக்கியாவுடையது. இடியப்பம் அவித்து விற்பவர். கட்சியை நம்பாதவர், அருந்ததியை நம்புகிறவர். அருந்ததி குரல்பதிவில் இருந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பிறகு கார்த்திகனின் முகத்தைப் பார்த்தார்.

“அக்காவின்ரை மனம் புண்பட்டிருந்தா...” என்று தொடங்கினார் கார்த்திகன்.

“அதில்லை,” என்றார் அருந்ததி.

“...பிழை.”

“கேக்கல்ல மகன்,” என்றார் ருக்கியா.

“அப்பிடிச் சொன்னது பிழை. நான் அதை அனுப்பினதும் பிழை.”

ருக்கியா மாவுக் கையை முந்தானையில் துடைத்தார். “என்ட மாப்புள மவுத்தாகி ஆறு வருஷம். அப்ப என்ட வோட்டும் ஒங்களுக்கு வெளங்காதா?”

அதுவும் ஒரு கைம்பெண்ணின் வீடு என்பது கார்த்திகனுக்கு அப்போதுதான் உறைத்தது. மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

“கேக்கிறாதானே, சொல்லும்,” என்றார் அருந்ததி. பதிலுக்கு அவர் காத்து நிற்கவில்லை. அடுத்த கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்.