தண்ணி அடித்த கொத்தனார்

அந்த ஆஸ்பத்திரியில் விஷ முறிவுக்கென்றே படித்த டாக்டரம்மாவுக்கு ‘மூக்கம்மா’ என்று பெயர். காலையில் அவசரப் பிரிவு, மதியத்துக்கு மேல் குடியை விட வருகிறவர்களுக்கு வைத்தியம். யாரைக் கொண்டுவந்தாலும் அவள் முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். வீட்டில் கணவர் டீ கொடுத்தாலும் அதே கதைதான்.

“ஒண்ணும் கலக்கல, தைரியமா குடி” என்பார் அவர்.

அன்று மேஸ்திரி ஒருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்த கொத்தனார் அவளுடைய செல்லப் பிள்ளை. அவளிடம் வைத்தியம் பார்த்துக் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவருக்குக் கால் பின்னியது, நாக்குக் குழறியது, வாசலிலேயே வாந்தி வேறு.

“என்ன கொத்தனாரே, என்ன ஆச்சு?”

“தண்ணி அடிச்சேன் டாக்டரம்மா... காலைல இருந்து அடிச்சேன்...”

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. பாவி மனுஷன், இவ்வளவு தூரம் வந்து கவிழ்த்துவிட்டானே!

அதற்குள் கொத்தனாரின் மனைவி வந்துவிட்டாள். மேஸ்திரி போனில் விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தார். அவள் கையில் துணிப்பை பிதுங்கிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவை குடிச்சா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லியிருந்தேன். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்” என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது.

கொத்தனார் அவளை மலங்க மலங்கப் பார்த்தார். டாக்டரம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டே வழக்கம்போல் குனிந்து முகர்ந்தாள். சாராய வாடை துளியும் இல்லை. சட்டையெல்லாம் பெட்ரோல் புகை நாறியது. ஊதச் சொன்னாள். கருவி பூஜ்யம் காட்டியது.

“எதுக்குய்யா தண்ணி அடிச்சீங்க?”

“சுவத்துக்கு. புதுப் பூச்சு... காயக்கூடாதுல்ல?”

“எங்க?”

“அண்டர்கிரவுண்டுல.”

“கரண்ட் இல்லம்மா, அதான் பெட்ரோல் மோட்டாரை உள்ளேயே இறக்கினோம்” என்றார் மேஸ்திரி.

டாக்டரம்மாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டு, “மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க! உள்ள ஒருத்தரும் இருக்கக்கூடாது!” என்று மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினாள். அவர் பதறிப்போய் போன் போட்டார். நல்லவேளை, எல்லோரும் டீ குடிக்க மேலே வந்திருந்தார்கள்.

விரலில் மாட்டிய கருவி, ஆக்சிஜன் அளவு சரியென்றே காட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு அதையும் ஏமாற்றிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது.

பொழுது சாய்வதற்குள் கொத்தனாரின் பேச்சு தெளிந்துவிட்டது.

“குடிக்கல புள்ள. சுவருதான் குடிச்சுது” என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இனிமே ‘சுவத்தை நனைச்சேன்’னு சொல்லுங்க கொத்தனாரே. நானே நம்பிட்டேன்” என்றாள். மனசு நிறைந்திருந்தது. “இன்னிக்கு இங்கதான் இருக்கணும். கூட யாராவது தங்கணுமே?”

மனைவி துணிப்பையைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“நான்தான். மாத்துத் துணியெல்லாம் கொண்டுவந்துட்டேன்” என்றாள்.