அமைச்சர் வீட்டுக் கோப்பித்தட்டு

காலை 8.40. பகேரியாவில் ரயில் ஏறினேன். பலெர்மோவுக்குப் பதினான்கு கிலோமீட்டர். குறிப்பேட்டில் ஒரே கேள்விதான் இருந்தது: போருக்குப் பிந்தைய இத்தாலியில் பலமுறை அமைச்சராக இருந்து, நான்கு மாதங்களுக்கு முன் இறந்த அந்தத் தலைவர் எப்படிப்பட்டவர்? அவர் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த யாழ்ப்பாணத்து ரஞ்சினி, தலைவரின் பெயரை எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.

9.30. கபோ சந்தை. எனக்கு இத்தாலியன் தெரியாது. துணைக்கு வந்த ரஞ்சினி மொழிபெயர்த்தார். வாள்மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "தங்கமான மனிதர். என் அப்பாவுக்குத் தபால் நிலையத்தில் வேலை வாங்கித் தந்தார்." பக்கத்தில் கத்தரிக்காய் அடுக்கியவர் விடவில்லை. "எலுமிச்சைத் தோட்டங்களை அழித்து சிமெண்ட் கொட்டவிட்டவன்." "அந்த சிமெண்டுக்குள்தானே நீ குடியிருக்கிறாய்!" என்றார் மீன்காரர். இருவருமே அவருக்கு வாக்களித்தவர்கள். இரண்டையும் எழுதிக்கொண்டேன். ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

கும்பல் தலைவன் ஒருவன் அவர் வீட்டுக்கு வந்துபோனதாக வழக்கு நடந்தது. ஆதாரம் போதவில்லை, விடுதலையானார். வந்தானா, இல்லையா? அதற்கும் ஊரில் இரண்டு பதில்கள்.

10.50. தலைவரின் வீடு இருக்கும் லிபெர்த்தா வீதிக்குப் போகும் பேருந்து. பயணச்சீட்டு ஒரு யூரோ நாற்பது சென்ட். ரஞ்சினி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை எனக்குப் பொலிஸ் குவெஸ்தூராவிலை பெர்மெசோ, அதுதான் இஞ்சை இருக்கிற அனுமதி, புதுப்பிக்கவேணும். சினோரா, ஐயாவின்ரை மகள், வேலைக் கடுதாசியிலை கையெழுத்துப் போட்டால்தான் அங்கை போகலாம். நீங்கள் வந்து கதைச்சுப் போனபிறகு போடுறன் எண்டு சொல்லியிருக்கிறா."

"நான் வருவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு, அக்கா?"

"அந்தக் கும்பல் தலைவன் வீட்டுக்கு வரவேயில்லை எண்டு நான் உங்களுக்குச் சொல்லவேணுமாம். நீங்கள் பேப்பர்காரர் எல்லோ."

11.30. மூன்றாம் மாடி. தலைவரின் மகள் கதவைத் திறந்தார். வயது அறுபதுக்கு மேல். மேசையில் அந்தக் காகிதம், அதன் மேல் பேனா. அவர் இத்தாலியனில் கேட்டார். ரஞ்சினி இத்தாலியனில் பதில் சொல்லி, எனக்காக எல்லாவற்றையும் தமிழிலும் சொன்னார்.

"சொல், ரஞ்சினி. அந்த ஆள் இங்கே வந்ததுண்டா?"

ரஞ்சினி பேனாவைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது, சினோரா."

"ஒன்பது வருடம் கோப்பி கொண்டுபோனவள் நீதானே?"

"ஓம். தட்டை வைச்சிட்டுத் தலை நிமிராமல் திரும்பிப் போகவேணும் எண்டு ஐயா முதல் நாளே சொல்லிப்போட்டார். ஆரின்ரை முகமும் பாக்கேல்லை. உங்கடை வீட்டு வழக்கம் எண்டு நினைச்சன்."

"அப்படியொரு வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை" என்றார் மகள். பிறகு குரல் இறங்கிற்று. "பாதிரியார் வந்தாலுமா?"

"ஓம்."

"நான் வந்தால்?"

"முதல் மூண்டு மாசம் உங்கடை சப்பாத்தைத்தான் எனக்குத் தெரியும்."

மறைக்க எதுவுமில்லாத வீட்டில் அந்த விதி எதற்கு? அல்லது பழைய மனிதரின் வெறும் கௌரவமா? எனக்கு விளங்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் விளங்கவில்லை. என்னிடம் ஆங்கிலத்தில், "இதையும் எழுதுவீர்களா?" என்றார். எழுதுவேன் என்றேன். சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்திட்டு, காகிதத்தை ரஞ்சினியின் பக்கம் தள்ளினார்.

12.15. படியிறங்கும்போது ரஞ்சினி காகிதத்தை மூன்று முறை விரித்துப் பார்த்தார். "போடமாட்டா எண்டுதான் நினைச்சன். பொய் சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை அங்கையும் நடுங்கிக்கொண்டெல்லோ நிப்பன்."

எங்கள் ஊரில் தலைவர் வீட்டுக்குப் போகிறவர் அவர் பக்கத்தில் நின்று படமெடுத்துக் கடையில் மாட்டுவார். யார் வந்தார் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. இந்தத் தலைவரை அறியப் பலெர்மோ வந்த நான், அவர் வரவேற்பறையில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, வந்தபோது தெரிந்ததைவிடக் குறைவாகத் தெரிந்துகொண்டு திரும்புகிறேன். அவருடைய மகளையும் அதே நிலையில் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.