சுருண்ட இலையும் நூலிடைக் குளவியும்

வலங்கைமானைத் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. பக்கத்து வயலில் ஒரு பெண் மருந்து டேங்கை முதுகில் மாட்டுகிறார். நான் இறங்கி வரப்புக்குப் போய், சுருண்ட நெல்லிலையில் ஆரஞ்சு நிறப் பூச்சி ஒன்றைப் போனில் படமெடுக்கிறேன்.

"அதுதாங்க இலையைச் சுருட்டுது. அடிக்கத்தான் வந்தேன்" என்கிறார்.

பார்க்கக் குளவி போலிருக்கும், குஞ்சுகள் இலை தின்னும் ரம்ப ஈயோ என்று எனக்கும் சந்தேகம். ஆனால் ரம்ப ஈக்கு இடுப்பு ஒடுங்கியிருக்காது. படத்தைப் பெரிதாக்குகிறேன். நூலாய் இடுப்பு, குளவியேதான். மயிரிழை போன்ற ஊசியைச் சுருளுக்குள் இறக்கியிருக்கிறது.

"சுருட்டினது உள்ள இருக்கற புழுங்க. அது மேல இந்தக் குளவி முட்டை வைக்குது. அதோட குஞ்சு அந்தப் புழுவைத் தின்னுடும்" என்று படத்தைக் காட்டுகிறேன்.

போனை வாங்கி வெகுநேரம் பார்க்கிறார்.

"இலைக்குள்ள புழு இருக்கறது இதுக்கு எப்படிங்க தெரியும்?"

டேங்கை வரப்பில் இறக்கிவிட்டு, மூச்சடக்கிக் குளவியருகே குனிகிறார். நானும் குனிகிறேன்.