ரெட்டைக் குழலும் அரை இஞ்சும்

துப்பாக்கிக் கடை வேலை என்றால் ஊரில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். உண்மையில் அதில் பாதி நேரம் எண்ணெய் போட்டுத் துடைப்பது, மீதி நேரம் வந்தவரிடம் "அது உங்களுக்கு வேண்டாங்க" என்று சொல்வது.

திருப்பூரில் அப்படி ஒரு கடையில் பதினோரு வருடம் நின்றேன். எல்லோர் சட்டைப்பையிலும் செல்போன் புதிதாக ஏறிக்கொண்டிருந்த காலம். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வாங்க வந்தவர் போன பிறகு, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ" என்று நகத்தைக் கடித்திருப்பீர்கள். அது நகையானாலும் ஜவுளியானாலும் ஒன்றுதான். என் கடையில் மட்டும் அந்த நினைப்பு கொஞ்சம் கனமாக இருக்கும்.

எந்த சைஸ்?

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் உண்டு, காட்டுப்பன்றிக்காக. மில் வாட்ச்மேன்கள் உண்டு. வரவேற்பறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று வருகிற எக்ஸ்போர்ட் முதலாளிகளும் உண்டு. ஆனால் தட்டு சுடுவதற்கென்று வருகிறவர் வருடத்துக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். தட்டு என்றால் டீ சாஸர் அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு வில்லை. ஒரு யந்திரம் அதை வானத்தில் வீசும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அந்த விளையாட்டுக்கு முதல் துப்பாக்கி வாங்க வந்த ஒரு பனியன் கம்பெனிக்காரர், மேசை மேல் கையை ஊன்றி, "எனக்கு லார்ஜ் எடுத்துப் போடுங்க" என்றார். சிரிப்பு வந்தாலும், கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. துப்பாக்கிக்கும் அளவு உண்டு. தோளில் பதிகிற மரக்கட்டை நம் கை நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் தூக்கும்போது சட்டையில் சிக்கும். குட்டையாக இருந்தால் கட்டை விரல் மூக்கில் இடிக்கும். இதையெல்லாம் டேப்பை வைத்து அளந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பனியன்னா போடப்போட உடம்புக்கு வந்துருமுங்க. இது வராதுங்களா?"

நாலு தறிக்காரர்

சென்னியப்பன் அப்படி ஆடம்பரமாக வரவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். சோமனூருக்குப் பக்கத்தில் நாலு விசைத்தறி சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். நான் "வாங்க" என்றதற்குப் பதிலில்லை. என் வாயையே பார்த்தார். இருபது வருடம் தறிச் சத்தத்தில் நின்ற காது. வலது பக்கம் சுத்தமாகப் போய்விட்டது, இடது பக்கம் கத்தினால் கொஞ்சம் விழும்.

இவர் நெய்து கொடுக்கிற துணியை வாங்குகிறவர் ஒரு நாள் இவரைத் துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வேடிக்கைக்காகக் கையில் கொடுத்ததும் முதல் பத்தில் ஆறு தட்டை உடைத்திருக்கிறார். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. நாலு தறியையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்கிறவரால், எந்த மூலையில் ஒரு நூல் அறுந்தாலும் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு ஆரஞ்சுத் தட்டு எம்மாத்திரம். "என்ன செலவானாலும் சரியா?" என்று கத்திக் கேட்டேன். அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார். இருப்பதிலேயே குறைச்சலாக ஒன்று போதும் என்றார். பிறகு, கேட்காமலே காரணத்தையும் சொன்னார்: "இருவது வருசமா நூல் அறுந்தா ஓடிப்போயி முடிச்சுப் போடறதுதானுங்க வேலை. எதையாச்சும் நானே ஒடைச்சுச் சந்தோசப்பட்டது அன்னிக்குத்தானுங்க."

பக்கத்து வீட்டு விசாரணை

லைசென்ஸ் இல்லாமல் நாங்கள் எதையும் கையில் தர முடியாது. மனுப் போட்டால் போலீஸ்காரர் ஊருக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்: இவர் எப்படிப்பட்டவர், யாரோடாவது தகராறு உண்டா, இவருக்குத் துப்பாக்கி கொடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா.

சென்னியப்பனுக்குப் பக்கத்து வீடு ஒன்றுதான். அதில் இருந்தது அவருடைய சொந்த அண்ணன், நாச்சிமுத்து. இரண்டு வீட்டுக்கும் சேர்ந்தாற்போல ஒரு வண்டித்தடம். அது யார் பாகத்தில் வருகிறது என்பதில் தகராறாகி, மூன்று வருடமாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. கேட்டதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அண்ணன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் மனு அங்கேயே படுத்துவிடும். வேறு செலவில்லாத விளையாட்டு ஏதாவது பாருங்கள் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வருடம் ஒன்று கடந்தது. ஒரு நாள் லைசென்ஸ் புத்தகத்தோடு வந்து நின்றார். முகத்தில் பாதி சந்தோஷம்தான். "ஆட்சேபணை இல்லீன்னு அண்ணன்தானுங்க எழுதிக் குடுத்துருக்கறாரு. தம்பி தங்கமானவன்னு போலீஸுகிட்டச் சொல்றாரு, எங்கிட்ட மட்டும் பேச மாட்டீங்கறாருங்க."

ஒற்றையா, ரெட்டையா

அவர் கொண்டுவந்த காசுக்குப் புதிதாக ஒற்றைக் குழல் ஒன்று வாங்கலாம். அவர் கை அதன் மேல்தான் போனது. நான்தான் தடுத்தேன். தட்டு விளையாட்டில் சில சுற்றில் இரண்டு தட்டை ஒன்றாக வீசுவார்கள். ஒற்றைக் குழலை மடக்கி அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் இரண்டாவது தட்டு தரையில் கிடக்கும். இறந்துபோன ஒருவருடைய குடும்பம் விற்கக் கொடுத்திருந்த பழைய ரெட்டைக் குழல் ஒன்று எங்களிடம் இருந்தது. இரும்பு சுத்தம், மரம் நன்றாக இருந்தது, விலையும் ஏறக்குறைய அதேதான். ஒரே குறை, கட்டை அவருக்கு அரை இஞ்சு நீளம். அறுத்துக் குறைக்கலாம், ஆனால் அறுத்ததை ஒட்ட முடியாது, அந்த வேலை தெரிந்த ஆசாரியும் பக்கத்தில் இல்லை. கொஞ்ச நாள் சுட்டுப் பார்க்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இங்கேதான் என் தப்பு. காது கேட்காதவருக்குப் புரிய வைக்கிற வேகத்தில் கடையே அதிரக் கத்தினேன்: "உங்களுக்கு ரெட்டைக் குழல்தான் வேணுங்க! ஒண்ணை அடிச்ச கையோட அடுத்ததையும் அடிக்கோணும்!" தட்டு என்ற வார்த்தையை நான் கத்தவில்லை, அதை மேசை மேல் வைத்து விரலால் காட்டினேன். பின்னால் பெஞ்சில் ஒருவர் தன் துப்பாக்கியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து தட்டு தெரிந்திருக்காது. அவரும் சோமனூர்ப் பக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சென்னியப்பன் துப்பாக்கியை மூன்று தடவை தோளில் வைத்துப் பார்த்தார், மூன்று தடவையும் சட்டையில் சிக்கியது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்: "துணியில அரை இஞ்சு முன்னப்பின்ன வராதுங்களா? பாஸ் பண்ணிக்கலாமுங்க."

அண்ணன் வந்தார்

மூன்று வாரம் கழித்து, வேலை இல்லாத ஒரு மத்தியானம், வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சென்னியப்பன்னு ஒருத்தன் இங்க துப்பாக்கி வாங்கினானுங்களா? நான் அவனுக்கு அண்ணனுங்க" என்றார்.

நான் தட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் விளக்கினேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ஓரம் பொட்டென்று உடைந்தது. உடைந்த துண்டை மேசை மேல் பதனமாக வைத்தார். "இதை ஒடைக்க ஒரு குழல் போதாதுங்களா?" என்று கேட்டார். இரண்டு தட்டு ஒன்றாகப் பறக்கும் என்றேன். தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. நம்ப விரும்பினார், முடியவில்லை. அதை என்னால் பார்க்க முடிந்தது. ஊரில் அவர் காதுக்கு வந்தது நான் கத்திய வார்த்தைகள்தான், ஒரு எழுத்து மாறாமல். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா தடத்துல நடக்கையில முதுகு கூசுதுங்க" என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். "ரெண்டு குழலுங்கறாங்க. எங்க ஊட்டுல ஆம்பளைங்க ரெண்டு பேருதானுங்க, நானும் என்ற பையனும்."

கத்த முடியாதது

தம்பியை நல்லவன் என்று எழுதிக் கொடுத்த மனிதரைத் தன் சொந்தத் தடத்தில் பயந்து நடக்க வைத்தது என் தொண்டை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, நீயே சொல்லிவிடு என்றார். அடுத்த வாரம் சென்னியப்பன் தோட்டா வாங்க வந்தபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. இதை எப்படிக் கத்துவது? பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்: "உங்கள் அண்ணன் வந்தார். இரண்டு குழலும் தனக்கும் மகனுக்கும் என்று பயப்படுகிறார். சத்தம் போட்டுப் பேசியது என் தப்பு." உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். படிக்கப் போட்ட கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். தோட்டாவை வாங்காமல் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். விற்கத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "இது இங்கயே இருக்கட்டுங்க. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துட்டுப் போயி, ஒடைச்சுட்டுக் கொண்டாந்து வெச்சர்றேன். அண்ணங்கிட்ட நீங்களே சொல்லீருங்க, நாஞ் சொன்னா நம்ப மாட்டாருங்க."

ஞாயிற்றுக்கிழமை போன்

கடைக்கு ஞாயிறு விடுமுறை. கத்தியதற்கு அபராதமாக நானே வந்து திறந்தேன். காலையில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார், மத்தியானம் கொண்டுவந்து, எண்ணெய் போட்டு வைத்துவிட்டுப் போவார். எங்கள் கடை அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் போதும்.

நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன். "சரிங்க" என்றார், அவ்வளவுதான். ஆனால் அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் கடை போன் அடிக்கும். "வந்துருச்சுங்களா?" "வந்துருச்சுங்க." வைத்துவிடுவார். சில நாள் போன் அடிக்கும்போது சென்னியப்பன் இரண்டடி தள்ளி நின்று குழலைத் துடைத்துக்கொண்டிருப்பார். மணிச் சத்தமும் கேட்காது, அண்ணன் குரலும் கேட்காது. அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரா வாரம் பயத்தில் கேட்கிற ஒரு கேள்வியை எப்படி எழுதிக் காட்டுவது?

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு வழக்கம்போல போன் வந்தது. "வந்துருச்சுங்களா?" என்றார். "வந்துருச்சுங்க" என்றேன். வைக்கவில்லை. பிறகு, "எத்தனை ஒடைச்சானுங்க?" என்றார்.

சென்னியப்பன் வந்ததும் சொன்ன கணக்கை அப்படியே சொன்னேன்: "இருபத்தஞ்சுக்குப் பதினேழுங்க." "மீதி எட்டு ஏனுங்க போச்சு?" கேட்ட குரலில் கோபம் மாதிரி இருந்தது. கட்டை அவருக்கு அரை இஞ்சு நீளம், தூக்கும்போது சட்டையில் சிக்குகிறது, அறுக்க யோசனையாக இருக்கிறது என்றேன். எதிரே சென்னியப்பன் தலை குனிந்து துணியில் எண்ணெய் தொட்டுக்கொண்டிருந்தார். போனில் அவருடைய அண்ணன் சொன்னார்: "அவனுக்குச் சின்னதுல இருந்தே கை குட்டைங்க. என்ற பழைய சட்டையத்தான் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவான், நாந்தேன் கைய மடிச்சு உடுவேன். யோசிக்காம அறுத்துக் குடுங்க."

குறைந்த செலவில் முதல் துப்பாக்கி வாங்க வருகிறவருக்குப் பதினோரு வருட அனுபவத்தில் நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான்: உங்கள் கை நீளம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.