புல்லு போலீஸ்

வைகையில் வெள்ளம் வந்து செல்லூர்ப் பக்கத்துக் கரையைப் பெயர்த்துக்கொண்டு போன வருடம், பேயாண்டிக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. உடைந்த கரைக்கு மண் போட்டு, மேலே வெட்டிவேரும் தண்ணீர் ஓரத்தில் நாணலும் நட்டிருந்தார்கள். அது வேர் பிடித்தால்தான் அடுத்த வெள்ளத்தில் கரையோரச் சாலையும் குடிதண்ணீர்க் குழாயும் தப்பும், ஓடிப்போன கெண்டையும் கெளுத்தியும் குஞ்சு பொரிக்கத் திரும்பி வரும் என்றார் ஓவர்சியர். அதை ஆடு மேயாமல் காப்பது பேயாண்டியின் வேலை. தினக்கூலிதான். ஆனாலும் சீக்கிரம் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று அவனாகவே முடிவு செய்து, காக்கிச் சட்டை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டான். ஊர் அவனுக்குப் 'புல்லு போலீஸ்' என்று பெயர் வைத்தது.

"அண்ணே, புல்லு எந்திரிச்சு ஓடிறப் போகுது, விலங்கு மாட்டி வையிங்க" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். மனிதன் அசரவில்லை. கரையில் கால் வைத்த ஆட்டையெல்லாம் மாநகராட்சியின் பவுண்டுப் பட்டியில் கொண்டுபோய் அடைத்தான்.

வினை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவன் பெண்டாட்டி சீனியம்மாள், உசிலம்பட்டிப் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த ஆடுகளை ஒருநாள் நட்டநடுக் கரையில் அவிழ்த்துவிட்டாள். புருஷன் காக்கிற புல் தன் ஆட்டுக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்பது அவள் நியாயம்.

"சீனி, ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிரு. இல்லைன்னா பவுண்டுதான்."

"அடைச்சிருவியாக்கும்? எங்கப்பன் குடுத்த ஆடுய்யா அது!"

அடைத்தே விட்டான். தண்டம் கட்டி மீட்டு வந்த சீனியம்மாள், அன்றோடு அவனுக்கு உலை வைப்பதை நிறுத்தினாள். போலீஸ்காரர் டீயும் பன்னுமாகக் காலம் தள்ளினார். பசியில் புல்லையே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஐப்பசியில் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு வந்தது. பேயாண்டி மழையில் நனைந்தபடி, பிள்ளைப்பேறு நடக்கிற வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி நின்றான். வடிந்த பிறகு பார்த்தால், ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. நாணல் தூரில் மீன்குஞ்சுகள் மொய்த்தன. சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

ஓவர்சியர் வந்து முதுகில் தட்டினார். "பிரமாதம் பேயாண்டி! வேரு நல்லாப் பிடிச்சிருச்சு. இனிமே காவலே தேவையில்லை. நாளையிலருந்து நீ வர வேணாம்."

வேலையை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு இந்த உலகத்தில் கிடைக்கிற மரியாதை இம்புட்டுத்தான்.

சேதி கேட்ட சீனியம்மாள், மறுநாள் காலையில் ஆடுகளைப் பத்திக்கொண்டு கரைக்கு வந்தாள். பேயாண்டி அங்கேதான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"அதான் வேலை போச்சுல்ல? இப்பவாச்சும் ஆட்டை விடலாமா?"

பேயாண்டி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

"விட்டுத்தான் பாரேன்."