ஸ்வெட்டர் போட்ட ஊரில் உடம்புச் சூடு

ஒரு மாசமா இடது கன்னத்துக்குள்ள வாய்ப்புண். ஆறும். மறுபடி அதே இடத்துல வரும்.

காரணம் பெங்களூருக்கே தெரியும். உடம்புச் சூடு!

இன்னைக்குக் காலையில பஸ்ல டிக்கெட் கேட்கவே வாய் கோணிக்கிச்சு. பக்கத்து சீட்டுக்காரர் ஸ்வெட்டர், மங்கி கேப் எல்லாம் போட்டு, குளிர் தாங்காம ஜன்னலையும் மூடிட்டு, "உஷ்ணா சார், எளநீர் குடிங்க"ன்னார்.

என் மனைவியின் தீர்ப்பும் அதேதான். அதனால ஒரு மாசமா வீட்ல எல்லாருக்கும் மீன் குழம்பு, எனக்கு மட்டும் தயிர்சாதம்.

பொறுக்க முடியாம பிரேசர் டவுன்ல ஒரு பல் டாக்டரம்மாகிட்ட போனேன். வாய்க்குள்ள கண்ணாடிய விட்டுப் பார்த்தாங்க.

"சத்து குறைஞ்சாலும் வாய்ப்புண் வரும், தூக்கம் கெட்டாலும் வரும். ஆனா உங்களுக்குக் கடைவாய்ப் பல்லு ஓரம் உடைஞ்சு கூரா இருக்கு. அதுதான் அதே இடத்துல உரசிக்கிட்டே இருக்கு"ன்னாங்க. பல்லை ராவி வழவழன்னு ஆக்கிட்டாங்க.

போர்ல ஜெயிச்சவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். "சூடு இல்லம்மா, பல்லு! புண்ணு ஆறினதும் எனக்கும் மீன் குழம்பு!"

மனைவி நிதானமா யோசிச்சா.

"நல்லா இருந்த பல்லு சும்மா உடையுமாங்க? சூட்டுலதான் உடைஞ்சிருக்கும்."

தயிர்சாதம் சாப்பிட்டுட்டுதான் இதை டைப் பண்றேன். பின்னூட்டத்துல யாராவது இளநீர்னு எழுதினீங்கன்னா, நாளைக்கு என் தட்டு உங்களுக்குத்தான்.